மலைப் பாலையில் மோட்டார் சைக்கிள் பயணம்: திட்டமிடும் முறை

(முதுகலை இரண்டாம் ஆண்டு, புவியியல்)

முன்னுரை

லடாக்குக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன் என்று சொன்னால், நம் கல்லூரியில் எதிர்ப்படுவோர் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி தாங்கியதா?" என்பதே. "நீ தாங்கினாயா?" என்று கேட்டவர் இதுவரை ஒருவர்தாம். அவர் என் தாயார். அந்தக் கேள்வியே சரியான கேள்வி என்பதை நான் காலங்கடந்து அறிந்துகொண்டேன். பிறர் அதைக் காலத்தே அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுற்றுலா நிறுவனத்தாரிடம் பணம் கட்டி, அவர்கள் வண்டியில் அவர்கள் சொல்லும் இடத்தில் தங்கி வருவது ஒரு வகைப் பயணம். வழி, நாள், வண்டி, உணவு, மருந்து ஆகிய அனைத்தையும் தாமே முடிவு செய்து புறப்படுவது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் செலவு குறைவு, விடுதலை மிகுதி. ஆனால் தவறு நேர்ந்தால் அதற்குப் பொறுப்பும் நாமே. இக்கட்டுரை இந்த இரண்டாம் வகைப் பயணத்தைப் பற்றியது. சாகசக் கதை சொல்வது என் நோக்கமன்று. நான் செய்த ஒரு பிழையை மையமாக வைத்து, பயணத் திட்டம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பாடமாகக் கூற முயல்கிறேன்.

நிலத்தை அறிதல்

பயணத் திட்டத்தின் முதல் ஏடு நிலப்படமே. லடாக் 2019 அக்டோபர் 31 முதல் தனி யூனியன் பிரதேசமாக உள்ளது. இமயமலைக்கு வடக்கே, ஜான்ஸ்கர், லடாக், காரகோரம் ஆகிய மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, அவற்றின் ஊடே சிந்து நதி பாய்கிறது. தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் இமயத்தின் தென்சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து வரும் காற்றில் ஈரம் எஞ்சுவதில்லை. மழை மறைவுப் பகுதி என்று நாம் பாடத்தில் படிப்பது இதுவே. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லே நகரில் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான்.

பாலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வெயிலும் மணலும். லடாக்கில் மணலும் உண்டு. நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் என்னும் ஊரருகே மணல்மேடுகளும், பழைய வாணிகச் சாத்துகளின் எச்சமாகிய இரட்டைத் திமில் ஒட்டகங்களும் இருக்கின்றன. எனினும் இது குளிர்ப் பாலை. பகலில் தோலைச் சுடும் வெயிலும், இரவில் நீர் உறையும் குளிரும் ஒரே நாளில் வரும். நிழலில் நின்றால் நடுக்கம். இரண்டடி தள்ளி வெயிலில் நின்றால் எரிச்சல். காற்று மிக வறண்டது. ஆதலால் வியர்ப்பதே தெரியாமல் உடலில் நீர் குறைகிறது. மலைப் பயணத்துக்கு ஒரு தயாரிப்பு, பாலைப் பயணத்துக்கு மற்றொரு தயாரிப்பு என்று பிரிக்க இயலாத நாடு இது. இரண்டையும் ஒரே பையில் கட்ட வேண்டும்.

உயரமும் உடலும்

காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு கடற்கரையிலும் மலையுச்சியிலும் 21 விழுக்காடுதான். மாறுவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்து அழுத்தத்தை 100 என்று கொண்டால், 3,500 மீட்டர் உயரமுள்ள லேயில் அது 65. 4,300 மீட்டரில் 60க்குச் சற்றுக் குறைவு. 5,300 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களில் பாதியைவிடச் சற்றே கூடுதல். ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். முதலில் மூச்சும் நாடியும் விரைவாகின்றன. சில நாட்களில் மூச்சின் ஆழம் சீராகிறது. குருதியில் சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். இந்தப் பழக்கத்துக்கு வேண்டியது காலம் ஒன்றே. காலம் கொடாமல் ஏறினால் மலைநோய் வருகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, உறக்கமின்மை ஆகியவை அதன் தொடக்கக் குறிகள். இந்நிலையில் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கலாம். ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், ஓயாத இருமல், நேர்கோட்டில் நடக்க இயலாமை, பேச்சில் குழப்பம் ஆகியவை உயிருக்கு ஆபத்து என்பதற்கான அறிகுறிகள். அப்போது செய்யத்தக்கது ஒன்றே: தாமதியாமல் கீழே இறங்குதல்.

மருத்துவர்கள் கூறும் பொதுவிதி எளியது. 3,000 மீட்டருக்கு மேலே சென்றபின், இரவு உறங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். இங்கே கணக்கில் வருவது பகலில் தொட்ட உயரமன்று. இரவில் தலை சாய்த்த உயரம். பகலில் உயரம் ஏறி இரவில் தாழ்விடம் வந்து உறங்குதல் நன்மையே பயக்கும்.

இளமையும் உடல் வலிமையும் இந்நோயிலிருந்து காக்கும் என்று எண்ணுவோர் பலர். அது உண்மையன்று. நன்றாகப் பயிற்சி செய்த இளைஞர் படுக்க, உடன் வந்த முதியவர் நலமாக இருப்பதும் உண்டு. வலிமை உள்ளவருக்கு ஒரு கூடுதல் தீங்கும் நேர்கிறது: தமக்கு ஒன்றும் வராது என்ற நம்பிக்கையில் அவர் குறிகளை மறைப்பார்.

நான் செய்த பிழை

2022 ஜூன் மாதம் நானும் என் பெரியப்பா மகனும் இரண்டு வண்டிகளில் முதன்முறையாக லே நோக்கிப் புறப்பட்டோம். அண்ணன் லேத்துப் பட்டறையில் வேலை செய்பவர். வண்டி எஞ்சினைத் தனியாளாகத் தூக்கி மேசைமேல் வைக்கும் உடல்வாகு. அவருக்குக் கிடைத்த விடுமுறை பன்னிரண்டே நாள். வழித்திட்டம் எழுதும் பொறுப்பு, புவியியல் படிப்பவன் என்பதால் என்னிடம் வந்தது.

முதலில் நான் எழுதியது: மணாலியில் ஓர் இரவு, கேலாங்கில் ஓர் இரவு, சர்ச்சூவில் ஓர் இரவு, பின்பு லே. எழுதியபின் நிலப்படத்தைப் பார்த்தேன். 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளமுடையது. அது ரோத்தங் கணவாயைச் சுற்றாமல் மலையின் அடியிலேயே கொண்டுவிடுவதால், மணாலிக்கும் கேலாங்குக்கும் இடையே 46 கிலோமீட்டர் குறைகிறது. முன்பெல்லாம் கேலாங் போய்ச் சேரவே ஒரு பகல் முழுதும் வேண்டும். இப்போது காலையிலேயே போய்விடலாம். அப்படியிருக்க அங்கே ஓர் இரவை வீணாக்குவானேன் என்று எண்ணி, கேலாங் என்ற சொல்லின்மேல் ஒரு கோடு கிழித்தேன். ஒரு நாள் மிச்சம் என்று மகிழ்ந்தேன்.

மணாலியின் உயரம் 2,050 மீட்டர். சர்ச்சூவின் உயரம் 4,290 மீட்டர். ஒரே பகலில் 2,240 மீட்டர் மேலே போய் உறங்கத் திட்டமிட்டிருக்கிறேன். இந்த இரண்டு எண்களும் என் குறிப்பேட்டில் ஒரே பக்கத்தில் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

சுரங்கம் சாலையைக் குறுக்கிற்று. நம் உடல் பழகுவதற்கு வேண்டிய காலத்தை அது குறுக்கவில்லை. பழைய நெட்டைச் சாலை தன் தாமதத்தாலேயே பயணிகளைக் காத்து வந்தது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

சர்ச்சூவில் கூடாரத்தில் தங்கினோம். மாலையில் அண்ணனுக்குத் தலைவலி. இரவு எட்டு மணிக்கு வாந்தி. "ஒண்ணும் இல்ல தம்பி, வெயில்ல வந்தது. தூங்குனா சரியாயிடும்" என்றார். பத்து மணிக்குத் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க அவர் விரல்களால் இயலவில்லை. கூடாரம் நடத்திய அம்மையார் விளக்கைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையால் கீழ்நோக்கிக் காட்டினார்.

கீழே இறங்குவது எப்படி? அப்போதுதான் நிலப்படத்தின் மற்றொரு உண்மையைக் கண்டேன். சர்ச்சூ ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பது போன்ற இடம். மணாலிப் பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டும். லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் கணவாயும், அதற்கப்பால் 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் கணவாயும் நிற்கின்றன. இறங்குவதற்கு முதலில் ஏற வேண்டும். நோயுற்ற ஒருவரைக் கொண்டுபோக இதைவிடத் தகாத இடம் வேறில்லை.

இருட்டில் அந்தக் கணவாயைக் கடக்க வாகனம் கிடைக்கவில்லை. விடியும்வரை நான் செய்யக்கூடியது ஒன்றே. மணிக்கு ஒரு முறை அவரை எழுப்பி, அவர் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை ஊர்ப் பெயரைச் சொல்ல அவர் நேரம் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். விடியற்காலையில் மணாலி நோக்கிப் புறப்பட்ட ஒரு சுற்றுலா வேனில் அவரை ஏற்றினார்கள். நான் என் வண்டியில் பின்தொடர்ந்தேன். கேலாங்கில் மருத்துவர் ஆக்ஸிஜன் வைத்தார். 3,080 மீட்டருக்கு இறங்கியதாலும் மருத்துவத்தாலும் மறுநாள் அவர் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார். இரண்டு நாள் கழித்து அவர் வண்டியைச் சர்ச்சூவிலிருந்து லாரியில் கொண்டுவந்தோம். லேயைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம். என் தாயார் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

வழியைத் தேர்தல்

லேக்குத் தென்னாட்டவர் பெரிதும் செல்லும் சாலைகள் இரண்டு. ஒன்று மணாலி வழி. சுரங்கப்பாதை வழியே சுமார் 430 கிலோமீட்டர். மற்றொன்று ஸ்ரீநகர் வழி. அதுவும் 420 கிலோமீட்டருக்குக் குறையாதது. தொலைவில் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை ஏற்றத்தில் இருக்கிறது. மணாலி வழியில் நடுவழி இரவு மிக உயரத்தில் அமைகிறது. சேருமிடமாகிய லே அதைவிடத் தாழ்வானது. ஸ்ரீநகர் வழியோ படிப்படியாக ஏறுகிறது.

2024ஆம் ஆண்டில் இரண்டாம் முறை புறப்படுமுன், ஊர்களின் பெயருக்குப் பதிலாக உறங்கும் உயரத்தையே முதலில் எழுதினேன். பிறகு அந்த உயரத்துக்கு ஊர் தேடினேன். அவ்வாறு அமைந்த திட்டம் இது:

ஸ்ரீநகர், 1,585 மீட்டர்: ஓர் இரவு.
கார்கில், 2,676 மீட்டர்: ஓர் இரவு. வழியில் ஜோஜி கணவாய், 3,528 மீட்டர்.
ஆல்ச்சி, சுமார் 3,100 மீட்டர்: ஓர் இரவு. வழியில் ஃபோட்டு கணவாய், 4,108 மீட்டர்.
லே, சுமார் 3,500 மீட்டர்: மூன்று இரவு, இடையில் இரண்டு முழு நாள் ஓய்வு.
நுப்ராவில் திஸ்கித், சுமார் 3,100 மீட்டர்: இரண்டு இரவு. வழியில் கர்துங் கணவாய்.
மீண்டும் லே: ஓர் இரவு.
திரும்புகையில் சர்ச்சூ, 4,290 மீட்டர்: ஓர் இரவு. பின்பு கேலாங், மணாலி.

கார்கிலிலிருந்து ஒரே நாளில் லே சென்றுவிடலாம். அவ்வாறு சென்றால் உறங்கும் உயரம் 800 மீட்டருக்கு மேல் கூடும். ஆல்ச்சியில் ஓர் இரவு தங்கினால் அது இரண்டு சிறு படிகளாகப் பிரிகிறது. அவ்வூரில் சுவரோவியங்களால் புகழ்பெற்ற பழமையான புத்த மடாலயமும் உண்டு. ஆதலால் அந்த மாலைப்பொழுதும் வீணன்று. சர்ச்சூ இத்திட்டத்திலும் வருகிறது. ஆனால் இப்போது அது ஏறும் வழியில் இல்லை; ஒரு வாரத்துக்கு மேல் பழகிய உடலோடு திரும்பும் வழியில் வருகிறது. ஸ்ரீநகர் வழியே நுழைதல், மணாலி வழியே வெளியேறுதல் என்பதே இக்கட்டுரையின் சுருக்கம் என்று கொள்ளலாம்.

கணவாய்களைப் பற்றி ஒரு சொல். 'லா' என்றாலே அம்மக்கள் மொழியில் கணவாய். கர்துங் கணவாயின் பலகையில் 18,380 அடி என்று நெடுங்காலமாக எழுதப்பட்டிருந்தது. பிற்கால அளவீடுகளின்படி அதன் உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. பலகையருகே படம் எடுப்பதற்காக அங்கே அரைமணி நேரம் நிற்போர் உளர். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் இறங்குவதே அறிவுடைமை.

வண்டி

காற்றின் அடர்த்தி குறைந்தால் எஞ்சினும் நம்மைப் போலவே திணறும். 5,300 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. எஞ்சினின் வலிமையும் ஏறக்குறைய அந்த அளவுக்கே குறையும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் பெட்ரோல் அளவு மாறாமல் வர, காற்று மட்டும் குறைவதால் கலவை செறிந்து, கரும்புகை தள்ளி, ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய முறை உள்ள வண்டிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் இழந்த வலிமையை எந்த முறையும் திருப்பித் தராது. ஆகவே சுமை குறைவாக இருத்தல் வேண்டும். ஒரே வண்டியில் இருவரும் மூட்டையும் என்றால் கணவாயின் கடைசி வளைவுகளில் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டிவரும். அந்த உயரத்தில் நூறடி நடப்பது எளிதன்று.

புறப்படும் முன் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வருவது போதாது. அவர் அருகில் இருந்து நாமே வேலை செய்து பழக வேண்டும். சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றுதல், கிளட்ச் கேபிள் மாற்றுதல், செயினை இறுக்குதல், பிளக்கைக் கழற்றித் துடைத்தல் ஆகிய நான்கும் கைவசம் இருத்தல் இன்றியமையாதது. அண்ணன் என்னை மூன்று ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் உட்காரவைத்து, பின் சக்கரத்தை ஏழு முறை கழற்றி மாட்டச் செய்தார். ஏழாம் முறை நாற்பது நிமிடத்தில் முடித்தேன். பாங் என்னும் இடத்தைத் தாண்டிய சமவெளியில் பஞ்சர் ஆனபோது அதே வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. குளிரில் விரல் மடங்காது. நான்கு முறை காற்றடித்தால் ஒரு முறை உட்கார வேண்டும். நம் ஊரில் ஆகும் நேரத்தை இருமடங்காக்கியே அங்கே கணக்கிட வேண்டும்.

உதிரிப் பொருள்களாகக் கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்கள், இரண்டு ட்யூப், ஸ்பார்க் பிளக், செயின் லிங்க், ஃபியூஸ், பல்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு, வண்டிக்குரிய ஸ்பேனர்கள் ஆகியவை போதும். கேபிள்களைப் பழைய கேபிளின் ஓரமாகவே கட்டி வைத்துவிட்டால் மாற்றும் வேலை பாதியாகும்.

வண்டியை ரயிலில் பார்சலாக அனுப்பலாம். கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் விரைவு வண்டி ஜம்மு வழியாகச் செல்வதால் ஸ்ரீநகர் வழிக்கு நம்மவர்க்கு அது வசதி. பெட்ரோல் தொட்டியை முழுதும் காலி செய்ய வேண்டும். பதிவுச் சான்றின் படி கேட்பார்கள். வண்டி நம்மோடு அதே ரயிலில் வந்து சேரும் என்று எண்ணலாகாது. ஒன்றிரண்டு நாள் பிந்தலாம். அந்த நாட்களையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

பெட்ரோல் கணக்கு

மணாலிச் சாலையில் கேலாங்குக்குச் சற்று முன்னே தாண்டி என்னும் இடத்தில் பெட்ரோல் நிலையம் உண்டு. அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர் என்று அங்கிருந்த அறிவிப்புப் பலகை பயணிகளிடையே புகழ்பெற்றது. லேயை நெருங்குகையில் காருவில் பெட்ரோல் கிடைக்கும். எனினும் கணக்கை 365க்கே போட வேண்டும். வழியில் கூடாரக் கடைகளில் புட்டியில் விற்கும் பெட்ரோலை நம்பித் திட்டமிடலாகாது.

சமவெளியில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி, ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் ஓடுவதால் 30 என்று கொள்வோம். 365ஐ 30ஆல் வகுத்தால் 12.2 லிட்டர். மண்சரிவால் திரும்ப நேருதல், வழி தவறுதல் ஆகியவற்றுக்காகக் கால் பங்கு சேர்த்தால் 15.2 லிட்டர். தொட்டியின் கொள்ளளவு 13 லிட்டர் என்றால் குறைவது 2.2 லிட்டர். ஆகவே ஐந்து லிட்டர்க் கேனில் மூன்று லிட்டர் கொண்டால் போதும். கேனை நிரம்ப ஊற்றலாகாது. உயரம் ஏற ஏற வெளியழுத்தம் குறைந்து கேன் உப்பும். மூடியைச் சிறிது சிறிதாகத் திருகி ஆவியை வெளியேற்றியபின் திறக்க வேண்டும். அருகில் நெருப்போ சூடான எஞ்சினோ இருத்தல் ஆகாது.

நீரும் நேரமும்

பாலைநாட்டில் வெள்ளத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். லடாக்கில் பல ஓடைகள் சாலையின் மீதே பாய்கின்றன. அவை மழையால் வருவன அல்ல. மேலே பனியாறு உருகி வருவன. காலையில் வெயில் படாததால் கணுக்காலளவு நீர் ஓடும். நண்பகலுக்குப் பின் உருகிய நீர் வந்து சேர்ந்து முழங்காலளவாகும். அடியில் கற்களும் உருளும். பாங்காங் ஏரிக்குச் செல்லும் வழியில் உள்ள ஓர் ஓடைக்குப் 'பைத்தியக்கார ஓடை' என்று பொருள்படப் பாகல் நாலா என்று பெயரிட்டிருப்பது இக்காரணத்தால்தான். ஆகவே நாளின் கடினமான பகுதியை நண்பகலுக்குள் முடிக்குமாறு விடியலில் புறப்படுதல் வேண்டும். ஓடையை அடைந்ததும் நின்று, வேறு வண்டி எங்கே இறங்குகிறது என்று பார்த்து, முதல் கியரில், கிளட்சைப் பிடிக்காமல், சீராகச் செல்ல வேண்டும். நீர் மிகுதியாக இருந்தால் கரையிலேயே தங்கி மறுநாள் காலை கடக்கலாம். அந்த ஓடை மறுநாளும் அங்கேதான் இருக்கும்.

மழையே பெய்யாத நாடு என்று எண்ணுவதும் பிழை. 2010 ஆகஸ்டு 5, 6 நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் லேயிலும் சுற்றூர்களிலும் மேகவெடிப்பால் பெருவெள்ளம் வந்து இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மரமும் புல்லும் இல்லாத சரிவில் விழும் மழையைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. மண்ணும் கல்லும் நீரோடு சேர்ந்தே இறங்கும். ஆதலால் வறண்ட ஓடைப்படுகையில் கூடாரம் அடித்தல் ஒருபோதும் கூடாது. மணாலிச் சாலை பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரையே திறந்திருக்கும். இந்தக் காலத்திலும் சாலை மூடப்படக்கூடும். எனவே திட்டத்தில் எப்போதும் இரண்டு நாள் உபரியாக இருக்க வேண்டும்.

சுமையும் தாள்களும்

ஒரே தடித்த சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய உடைகள் மேலானவை. வெயிலில் ஒன்றைக் கழற்றலாம்; கணவாயில் ஒன்றை மாட்டலாம். மழைக்கோட்டு, நீர் புகாத கையுறை, கணுக்காலை மூடும் காலணி, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கும் முகத்துக்கும் களிம்பு ஆகியவை வேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் நீர் அருந்துதல் நன்று. மதுவும் புகையும் அறவே விலக்கத்தக்கன. விரல் நுனியில் மாட்டி ஆக்ஸிஜன் அளக்கும் சிறு கருவி 2020க்குப் பின் பல வீடுகளில் உண்டு. அதை எடுத்துச் செல்லலாம். ஆனால் கருவியின் எண்ணைவிட நோயின் குறிகளையே நம்ப வேண்டும். மலைநோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு என்னும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. சல்பா மருந்துகள் ஒவ்வாதவர் இதைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை ஓய்வு நாளுக்கு மாற்றாகாது.

ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றின் படிகள் நான்கு வைத்துக்கொள்க. நுப்ரா, பாங்காங் முதலிய எல்லைப் பகுதிகளுக்கான அனுமதி விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறியிருக்கின்றன. ஆகவே பழைய பயணிகளின் சொல்லைக் கேளாமல், புறப்படும் வாரத்தில் அரசு அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்டு தொலைபேசி இணைப்புகள் அங்கே இயங்குவதில்லை; போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். அதுவும் கணவாய்களுக்கிடையே எட்டாது. எந்த நாள் எங்கே உறங்குவோம் என்று எழுதிய தாளை வீட்டில் கொடுத்துவிட்டு, எத்தனை நாள் செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி வைக்க வேண்டும். பணத்தில் ஒரு பகுதியை, திரும்பி வருவதற்கென்றே தனியே முடிந்து வைக்க வேண்டும். 2022இல் லாரிக்கும் மருந்துக்கும் அப்பகுதிதான் கைகொடுத்தது.

முடிவுரை

திட்டமிடுதல் என்பது எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்று கணக்கிடுவதன்று. எந்த இடத்தில் நின்று திரும்பலாம் என்பதை வீட்டிலிருக்கும்போதே, தலை தெளிவாக இருக்கும்போதே, எழுதி வைப்பதுதான் திட்டம். மலைமேல் போனபின் ஆசை பேசும், களைப்பு பேசும், உடன் வருபவர் மனம் நோகுமே என்ற கூச்சம் பேசும். காகிதத்தில் முன்பே எழுதியது மட்டுமே அப்போது நடுநிலையோடு பேசும். எங்கள் இரண்டாம் பயணத்தின் குறிப்பேட்டில் முதல் வரியாக, தலைவலியோடு வாந்தி என்றால் எவரையும் கேளாமல் இறங்குவது என்று எழுதி, இருவரும் கையொப்பம் இட்டோம்.

2024இல் திரும்பும் வழியில் சர்ச்சூவில் தங்கினோம். அண்ணன் சோறும் பருப்பும் இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டார். இரவில் நான் அவரை எழுப்பவில்லை. அவரே ஒரு முறை எழுந்து, "ஊர் பேரு கேக்கலையாடா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

நம் கல்லூரியில் இவ்வாண்டும் சிலர் இப்பயணத்துக்குத் திட்டமிடுவதாக அறிகிறேன். அவர்கள் தம் வழித்திட்டத்தைப் புவியியல் துறைக்குக் கொண்டுவந்தால், நிலப்படத்தை விரித்து வைத்து, உறங்கும் இடங்களின் உயரத்தை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கழித்துப் பார்ப்போம். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் நான் கிழித்த ஒரு கோட்டை வேறெவரும் கிழிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.